எக்ஸிட் விழுங்கிய குளிர்ப்பெட்டி

எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் அதில் இல்லாததைத்தான் முதலில் தேடுகிறேன். கல்யாண அழைப்பானாலும் சரி, தேக்கா சந்தையில் வாங்க வேண்டிய காய்கறியானாலும் சரி. இந்த நோய் ஒரு சனிக்கிழமை மதியம் என்னைப் பிடித்தது.

எண்பதுகளின் நடுவில் ஷென்டன் வே பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் புரோகிராமர். பக்கத்து மேசையில் என்னைவிட இளையவள் ஒருத்தி. ஞாயிறுதோறும் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னை அக்கா என்பாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மெயின்பிரேம் என்னும் பெரிய கம்ப்யூட்டர், தனக்கென்று ஒரு குளிர், தனக்கென்று ஓர் இரைச்சல் என்று எங்களைவிட வசதியாக வாழ்ந்துகொண்டிருந்தது.

கப்பலிலிருந்து இறங்கும் குளிர்ப்பெட்டிகளின், அதாவது குளிரூட்டிய கன்டெய்னர்களின், பட்டியலை அது அச்சடித்துத் தரும். மீன், ஆப்பிள்; அந்த வாரம் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தும். பட்டியலில் இருக்கும் பெட்டிக்குத் துறைமுகத்தில் மின்சாரம் செருகுவார்கள். இல்லாத பெட்டி வெயிலில் நிற்கும். அவ்வளவுதான் விதி.

சில பெட்டிகள் பட்டியலில் இரண்டு தடவை வந்து தொலைத்தன. இரட்டைகளைக் களைய அவள் ஓர் எக்ஸிட் எழுதினாள். எக்ஸிட் என்பது பெரிய புரோகிராமின் வாசலில் நாம் நிறுத்திவைக்கும் சின்ன புரோகிராம். பெட்டிகளை வரிசைப்படுத்துகிற பெரியது, ஒவ்வொன்றின் விவரத்தையும் வெளியே அனுப்பும் முன் இதனிடம் வந்து கேட்கும்: விடட்டுமா? இதன் பதில் பூஜ்யம் என்றால் விடும். நான்கு என்றால் தூக்கிப் போட்டுவிடும், மறுகேள்வி கிடையாது. ஆனால் கேட்கும்போது விவரத்தைக் கையில் தராது. நினைவகத்தில் அது எந்த இடத்தில் கிடக்கிறது என்று மட்டும் சொல்லும். போய்ப் பார்த்துக்கொள்வது நம் பாடு.

அவள் எழுதினாள், நான் சோதித்தேன். கைப்பிடி அளவு பெட்டிகளை வைத்து ஓட்டிப் பார்த்தோம். இரட்டைகள் மட்டும் சமத்தாக உதிர்ந்தன. அந்தச் சனிக்கிழமை காலைதான் முதல்முறையாக நிஜக் கப்பலின் பட்டியல் அதன் வழியாகப் போனது. அரைநாள் வேலை முடிந்ததும் இருவரும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம்.

கடையில் நெரிசல். பக்கத்து மேசையில் இருந்தவர் காத்திருந்து சலித்து எழுந்து போக, நெற்றி நிறையத் திருநீறோடு வேறொருவர் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் ஆவி பறக்கும் மீன்தலைக் கறியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“ஏம்பா, யாருக்கு இது?” என்றார் திருநீற்றுக்காரர்.

“உங்களுக்குத்தான் அண்ணே. இந்த மேசைதானே கேட்டது.”

“மேசையா கேட்டுச்சு? நான் இப்பத்தான் வந்து உக்காந்தேன். சனிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டேன் லா.”

அவள் சிரித்துப் புரையேறினாள். நானும் சிரித்தேன். பிறகு ரசச் சோற்றில் என் கை நின்றுவிட்டது.

“முந்தின பெட்டி எதுன்னு எக்ஸிட் எப்படி ஞாபகம் வெச்சிருக்கு?” என்று கேட்டேன்.

“அது எங்க இருக்குன்னு குறிச்சு வெச்சுக்கும். அடுத்தது வந்ததும் அங்க போய்ப் பார்த்து...” அவள் கையை இலையிலிருந்து எடுத்தாள். “அக்கா, அந்த இடத்தை மறுபடி வேறதுக்குக் குடுத்திருந்தா?”

கொடுத்திருக்கும். சோதனையில் பெட்டிகள் கொஞ்சம், இடம் தாராளம். ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே கிடந்தது. நிஜப் பட்டியலோ நீளம். இடம் போதாதபோது பெரிய புரோகிராம் இருக்கிற இடத்திலேயே ஒன்றை அழித்து அடுத்ததை வைக்கும். முந்தையதைப் பார்ப்பதாக நினைத்து எக்ஸிட் அங்கே போகும்; புதியதே அங்கே உட்கார்ந்திருக்கும். அதை அதனோடே ஒப்பிட்டு, ஆமாம், இரட்டை என்று நான்கைச் சொல்லும். ஒரே ஒரு பெட்டி. ஒரே ஒரு தடவை வந்தது. போய்விட்டது.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கடைவாசல் போனுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் அறையில் அன்று பணியில் இருந்த ஆபரேட்டர் நாகூர்க்காரர், எங்களுக்கெல்லாம் ‘நானா’, அதாவது அண்ணன்.

“லிஸ்ட் அப்பவே போயிடுச்சே தங்கச்சி. துறைமுகத்துலேர்ந்து மோட்டார் சைக்கிள்ல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“எக்ஸிட்டைக் கூப்பிடற வரியை எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க நானா.”

“அனுமதி யாரு குடுத்தா?”

“நான்தான். வந்துட்டே இருக்கோம்.”

எம்.ஆர்.டி. ரயிலுக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம். டாக்சி ஒவ்வொரு தடுப்புக்கும் நின்றது. வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது. வேறு நாளில் என் துணி காயும் என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

“மருந்துப் பெட்டி தப்பிச்சிருக்கும்ல அக்கா?”

“தெரியலை.”

“பொய்யாவது சொல்லுங்களேன்.”

முன்னால் குனிந்து டிரைவரிடம் குறுக்கு வழி கேட்டேன்.

நானா காலைப் பட்டியலின் நகலையும் புதிய பட்டியலையும் தரையில் அடுத்தடுத்து விரித்து வைத்திருந்தார். மூவரும் மண்டியிட்டு விரலால் ஓட்டிக்கொண்டே போனோம். இரட்டைகள் போனது சரி. ஆப்பிள் ஒன்று போயிருந்தது. மீன் ஒன்று. தாளின் கீழ்ப்பக்கம், அவள் விரல் நின்ற இடத்தில், மருந்து.

துறைமுகத்தில் போனை எடுத்த சீனக் குமாஸ்தாவிடம் மூன்று பெட்டிகளின் எண்களையும் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். லைனைத் துண்டிக்காமல் பார்க்கப் போனார். கருவியில் கிரேன் முனகியது, யாரோ மலாயில் யாரையோ வைதார்கள். அந்தப் பக்கத்துக் காற்று என் காதுக்குள் உலாத்தியது. அவள் என் தோளை ஒட்டிக் காதை வைத்திருந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று அவள் மூச்சில் தெரிந்தது.

அவர் திரும்பி வந்தார். மீனும் ஆப்பிளும் இன்னும் கப்பலிலேயே இருக்கின்றன, இறங்கியதும் செருகிவிடுவார்கள். மருந்துப் பெட்டி மட்டும் காலையிலேயே இறங்கிவிட்டது. பெட்டிக்கு வெளியே உள்வெப்பத்தைப் பதியும் வட்டத்தாளில் ஊசி சிவப்புக் கோட்டுக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறது, தாண்டவில்லை. செருகச் சொல்லிவிட்டார்.

“செருகியாச்சா?” என்று கேட்டேன்.

“சொல்லிட்டேன் லா.”

“சொன்னது சரி. செருகியாச்சான்னு போய்ப் பாருங்க, ப்ளீஸ்.”

அவர் ஹொக்கியனில் ஏதோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தையாக இருக்காது. ஆனாலும் போனார். மறுபடி கிரேன், மறுபடி காற்று. நானா பட்டியலை மடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்.

“மோட்டார் ஓடுது,” என்றார் குமாஸ்தா, மூச்சு வாங்க. “ஊசி இறங்குது.”

அவர் போனை வைத்துவிட்டார். அவள் என் கையிலிருந்து கருவியை வாங்கி வைக்கும்வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.