உறைந்து இளகிய மருந்து

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் இருக்கும் பெண்ணுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் கறார்க்காரி. வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

மருந்துப் படிப்புப் படித்தவள். புருஷன் பஸ் ஓட்டுகிறான். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, காயாத தலைமுடியோடு வந்து நிற்பாள். வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால் ஆளே வேறு. மாத்திரை எண்ணும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவாள். டாக்டர் சீட்டைப் படிப்பாள், அட்டையைப் படிப்பாள், கையில் தருமுன் இன்னொரு தடவை படிப்பாள். "இது யாருக்கு, எதுக்கு?" என்று நம் வாயாலேயே சொல்ல வைக்காமல் பையை விடமாட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் காலை மாத்திரை உறைக்கு மட்டும் ஒரு முனையை வெட்டித் தருவாள். தடவினாலே தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. ஊசி போடாமல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறி மனிதர் சுருண்டுவிடுவார். பசியோ தாங்கமாட்டார். காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கடைக்கு ஓடினேன்.

"இன்சுலின் இல்லை பாட்டி," என்றாள்.

மேசை மேலேயே ஒரு பெட்டி நிறையக் குப்பிகள் இருந்தன. பெட்டியின் மேல் சிவப்பு மையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு.

"அப்ப இது என்ன, கண்காட்சிக்கா?"

"கெட்டுப்போச்சு பாட்டி. நேத்து ராத்திரி உறைஞ்சு போச்சு."

முதல் நாள் முதலாளிக்கு நண்பர்கள் வந்திருக்கிறார்கள். சோடா ஜில்லென்று இருக்கட்டும் என்று மருந்து பிரிட்ஜில் பாட்டில்களைச் செருகி, குளிர் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் இவள் வந்து பார்த்தால் பிரிட்ஜ் தெர்மாமீட்டர் முள் பூஜ்யக் கோட்டுக்குக் கீழே கிடந்ததாம். குப்பிக்குள் மருந்து கல்லாய் இருந்ததாம்.

பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு அப்போதுதான் வந்த முதலாளி ஒரு குப்பியை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"இளகிடுச்சே மேடம்! தண்ணி மாதிரி இருக்கு. குளிர்ச்சியிலதானே வைக்கச் சொல்றாங்க?"

"குளிர்ச்சியில வைக்கச் சொன்னாங்க சார், உறைய வைக்கச் சொல்லல. ஒரு தடவை உறைஞ்சா நம்ப முடியாது. பார்த்தாலும் தெரியாது."

நான் முதலாளி பக்கம்தான் பேசினேன். என் அவசரம் எனக்கு. "ஒண்ணே ஒண்ணு குடும்மா. பழி என் மேல."

"பழி உங்க மேல, உயிர் தாத்தாவோடது! ஊசி போட்டாச்சுன்னு நம்பி அவர் பாட்டுக்குச் சாப்பிடுவாரு."

முதலாளிக்கு முகம் சிவந்தது. மேடம் போய் 'நீ' வந்தது. "வித்தா வேலையில இரு. இல்லைன்னா கோட்டைக் கழட்டிட்டுப் போ."

கழற்றினாள். நிதானமாக மடித்தாள். "அப்ப ஷட்டரையும் இறக்கிடுங்க சார். மருந்து படிச்ச ஆள் இல்லாம தலைவலி மாத்திரைகூட விக்கக் கூடாது. சுவர்ல மாட்டியிருக்கிற லைசென்ஸ்ல என் பேர்தான் இருக்கு."

எனக்குப் பின்னால் நின்ற தையல்காரர், "முதலாளி, சோடாவாவது கிடைக்குமா?" என்றார். ஒரே சிரிப்பு. முதலாளி சிரிக்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்தாள். "வாங்க பாட்டி, ஆஸ்பத்திரி பக்கத்துக் கடையில பார்ப்போம்."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன். "வேலை போச்சேடி! கொஞ்சம் தணிஞ்சு பேசக் கூடாதா?"

"பயமாத்தான் இருக்கு பாட்டி. வீட்ல அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் வர்றேன்," என்றாள். ஆனால் நடையில் வேகம் குறையவில்லை.

அந்தக் கடையில் போய், "உங்க பிரிட்ஜ் தெர்மாமீட்டரைக் கொஞ்சம் காட்டுங்க," என்று ஆரம்பித்தாள். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"யாரு பாட்டி இவங்க?" என்றார் என்னிடம்.

"எங்க கடைக்காரி. காட்டுப்பா," என்றேன்.

முள் சரியான இடத்தில்தான் இருந்தது. குப்பியைச் சுற்றி ஐஸ் வைத்துக் கட்டச் சொன்னேன். வேண்டவே வேண்டாம், ஐஸ் பட்டால் இதுவும் உறைந்துவிடும், வீடு பக்கம்தானே என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

அதற்குள் அவள் போன் பலமுறை அடித்து ஓய்ந்திருந்தது. குப்பி என் பைக்குள் போன பிறகுதான் எடுத்தாள். முதலாளி குரல் எனக்கே கேட்டது. "கடை வாசல்ல ஜனம் கத்துது. வாம்மா."

"வர்றேன் சார். அந்தப் பெட்டி கம்பெனிக்குத் திரும்பிப் போகணும். சோடா வெளிய போகணும். குமிழை இனி யாரும் தொடக் கூடாது."

அந்தப் பக்கம் சோடா பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மேடம்."

அவள் கடைக்குத் திரும்பினாள், நான் வீட்டுக்கு. அவள் இன்னும் கொஞ்சம் பணிவாகப் பேசியிருக்கலாம் என்பதுதான் இன்றும் என் கட்சி. ஆனால் மருந்தை வேறு யார் கையாலும் நான் வாங்குவதில்லை.

வீட்டில் தட்டு அப்படியே இருந்தது. "மருந்து வாங்கப் போனியா, இல்ல மருந்து செய்யப் போனியா?" என்றார் அவர்.

"பேசாம சட்டையைத் தூக்குங்க," என்றேன்.