புக்கிட் தெங்காவிலிருந்து அஞ்சடி வரை

வியாழக்கிழமை, காலை 7.40. ஜெலுத்தோங்கில் தங்கை சுமதியின் வீட்டு வாசலில் காரில் ஏறினேன். பினாங்குக்கு வந்து நாலு நாள் ஆகியும் தண்ணீர்மலை முருகனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. "அண்ணனுக்கு ஊரைச் சுத்திக் காட்டுங்க" என்று சுமதி கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் என்னைப் பழைய இயந்திரங்கள் விற்கும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. நான் திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் ரிக் லாரிகளுக்கு இருபத்தாறு வருட மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

மாப்பிள்ளை சரவணன் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் மெஷினை ஓட்டியவர். போன மாதம் வேலையை விட்டார். சேமிப்பு முழுவதையும் போட்டு, மண் தோண்டும் சின்ன மெஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கப் போகிறார். முதல் வேலையும் கையில் இருந்தது. ஜார்ஜ் டவுனில் ஜமீலா அக்கா என்பவர் தம் பழைய கடைவீட்டைச் சாப்பாட்டுக் கடையாக்குகிறார். பின்முற்றத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வேண்டும். வெள்ளிக்கிழமை காலை குழாய் பதிப்பவர்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் குழி இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"மொத வேலையே கைய விட்டுப் போனா, அப்புறம் யாரு மச்சான் கூப்பிடுவா?" என்றார். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று சுமதியும் சொல்லியிருந்தாள்.

8.05. பினாங்கு பாலம். மொத்த நீளம் பதிமூன்றரை கிலோமீட்டர், அதில் எட்டுக்கு மேல் கடலின் மீது. எங்கள் ஊரில் பதிமூன்று கிலோமீட்டருக்குள் மூன்று ஊரும் ஆறு டீக்கடையும் வந்துவிடும். இங்கே இரண்டு பக்கமும் தண்ணீர்தான். பாதிப் பாலத்தில் சரவணனின் கைப்பேசி அடித்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். ஜமீலா அக்கா பேசினார்.

"பின்னால லோரோங்க அடைச்சிட்டாங்க தம்பி, ரோடு வேலை. மெஷின் முன்பக்கமாத்தான் வரணும்."

"வழி எவ்வளவுங்க்கா இருக்கும்?"

"அஞ்சடிதான் தம்பி. அஞ்சடியில ஏறி, பக்கத்துல உள்ள திரும்பணும். போலே லா, ஒண்ணும் சூசா இல்ல."

பின்சந்தை அடைத்துவிட்டார்கள், ஆனாலும் முடியும், சிரமமில்லை என்கிறார். அதுவரை எனக்கும் புரிந்தது. "முன்பக்கமா வரணுமாம் மாப்ள. வழி அஞ்சடி அகலமாம்" என்றேன். "அப்படின்னா தாராளம்" என்று சரவணன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

8.50. புக்கிட் தெங்கா. தொழிற்சாலைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பெரிய திடல். உரிமையாளர் ஆ செங், சீனர். தமிழர்கள் நிறைந்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம். "பசியாறியாச்சா?" என்று தமிழில் கேட்டு என்னைத் திகைக்க வைத்தார். காட்டியவை இரண்டு மெஷின்கள். ஒன்று மூன்றடி அகலம், ஒரு டன், 24,000 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்கிறார்கள்). அது பார்க்கவே நோஞ்சான். இன்னொன்று 1.7 டன், ஓடிய நேரம் 4,180 மணி, விலை 33,000 வெள்ளி. எஞ்சின் மேல் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. விற்பவர் முன்கூட்டியே சூடுபடுத்தி வைக்கவில்லை என்றால் பாதி நம்பலாம். சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் பிடித்தது. புகை இல்லை. சரவணன் ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தொட்டார். மெஷினின் கை உயர்ந்தது, வாளி மடங்கியது. அவர் முகத்தைப் பார்த்தபோது, இனி நான் சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

"ஒண்ணு சொல்லிடறேன் தம்பி," என்றார் ஆ செங். "இந்த செயின் உள்ள வராது."

சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் செயின்களைத்தான் சொன்னார். நெம்புகோலை இழுத்தால் இரண்டும் உள்ளே வந்து, நாலடி ஒரு அங்குல அகலம் மூன்றடி இரண்டு அங்குலமாகச் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. எனக்குப் பேரம் பேச வாய் ஊறியது. "அஞ்சடி வழி கெடக்குது, சுருங்கி என்னங்க ஆகப்போகுது? ஆனாலும் பழுது பழுதுதானுங்களே!" என்று ஆரம்பித்து ஆயிரத்து ஐந்நூறு குறைத்தேன். முடிந்த விலை 31,500 வெள்ளி, நம் பணத்தில் ஏறக்குறைய ஆறரை லட்சம். புறப்படும்போது ஆ செங் அவராகவே இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார். நாலு வேண்டாமா என்றேன்.

"டயர் எங்க இருக்கு? செயின் ரெண்டுதானே லா!"

11.50. லாரி வாடகை 380 வெள்ளி. ஓட்டுநர் கணேசன், பைராம் தோட்டத்துக்காரர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரவணன் காரில் பின்னால் வந்தார். பாலம் முழுவதும் அவர் எங்களை முந்தவே இல்லை. கணேசன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, உங்க மாப்பிள்ளையப் பாருங்க. பொண்ணு காடிக்குப் பின்னால வர்ற மாதிரி வர்றாரு!"

1.10. ஜார்ஜ் டவுன். தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய கடைவீடுகள். வீடுகளின் முன்னால் தூண்களும் கூரையும் போட்ட நடைபாதை நீளமாக ஓடுகிறது. ஜமீலா அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து அதைக் கைகாட்டினார்.

"இந்த அஞ்சடியில ஏத்துங்க. நம்ம வீட்டு ஓரத்துல இருக்கிற அந்தச் சந்துல உள்ள போங்க."

"இதுக்குப் பேரு அஞ்சடிங்களா?" என்றேன்.

"ஆமா. எல்லாக் கடைக்கும் முன்னால இருக்குமே, அதான் அஞ்சடி."

அந்த நடைபாதைக்குத்தான் இந்த ஊர்த் தமிழில் அஞ்சடி என்று பெயர். நான் அகலம் கேட்டேன், அவர் இடத்தைச் சொல்லியிருக்கிறார். சரவணன் டேப்பை எடுத்துச் சந்தை அளந்தார். மூன்றடி ஆறு அங்குலம். மெஷின் நாலடி ஒன்று. அவர் திட்டியிருந்தால் தேவலை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு வருட உழைப்பை என் வாய்க்கொழுப்பால் கெடுத்துவிட்டேன். எந்தப் பழுதைக் காட்டி விலையைக் குறைத்தேனோ அந்தப் பழுதுதான் இப்போது வழியை மறித்தது. "தப்பு என்னுதுங்க மாப்ள," என்றேன். "மெஷின இறக்குங்க. செயினை நான் பார்க்கறேன்."

மெஷின் இறங்கியது. "ஆ செங் தரையில நிக்க வச்சுத்தானே இழுத்திருப்பாரு?" என்று சரவணனே கேட்டார். மெஷினின் எடை செயின் மேல் இருந்தால் அது உள்ளே சறுக்காதாம். அவர் கண்ணில் மறுபடி வெளிச்சம் வந்தது. முன்னால் வாளியையும் பின்னால் மண்ணைத் தள்ளும் இரும்புத் தள்ளுபலகையையும் தரையில் ஊன்றி மெஷினைத் தூக்கினார். இரண்டு செயினும் அந்தரத்தில் நின்றன. நெம்புகோலை இழுத்தார். அரை அங்குலம் அசைந்து நின்றது. அடியில் மரக்கட்டைகளை அடுக்கிவிட்டுத் தரையோடு படுத்துப் பார்த்தேன். செயின் சறுக்கி வரும் இரும்புச் சட்டத்துக்குள் வருடக்கணக்கான மண் காய்ந்து கல்லாகியிருந்தது. என் திருப்புளி அந்த இடுக்குக்கு எட்டவில்லை.

"இது ஆகுமா பாருங்க" என்று ஜமீலா அக்கா உள்ளிருந்து நீளமான தோசைத் திருப்பியைக் கொண்டுவந்தார். அது அந்த இடுக்குக்கென்றே செய்தது போலிருந்தது.

முக்கால் மணி நேரம் சுரண்டினேன். சட்டை போச்சு, வெள்ளை வேட்டி போச்சு. வாடகை நேரம் முடிந்தும் கணேசன் கிளம்பாமல் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். எதிர்க் காப்பிக்கடையிலிருந்து சிலர் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். 2.40க்குச் சரவணன் மறுபடி நெம்புகோலை இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு இரண்டு பக்கமும் 'டொக்'. மூன்றடி இரண்டு அங்குலம்! நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். நான் வாய்விட்டுக் கத்தினேன், அழுதேன் என்றும் சொல்லலாம்.

தள்ளுபலகையின் ஓரங்களை மடக்கி, அஞ்சடியின் பழைய பூ ஓடுகள் உடையாமல் பலகை விரித்தோம். சந்தில் பக்கத்துக்கு இரண்டு அங்குலம்தான் இடைவெளி. நான் முன்னால் பின்னோக்கி நடந்தேன். "வாங்க, வாங்க, கொஞ்சம் இடது, வாங்க." நாற்பத்தைந்து அடி நீளச் சந்தைக் கடக்க இருபது நிமிடம். முற்றத்தில் செயின்களை மறுபடி விரித்து, எலுமிச்சம்பழங்களை அடியில் வைத்தோம். சரவணன் "முருகா" என்றார், ஜமீலா அக்கா "பிஸ்மில்லா" என்றார். பழங்கள் நசுங்கின. 3.50க்கு வாளி முதல் மண்ணை அள்ளியது. இருட்டுவதற்குள் குழி தயார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.15. விமான நிலையம் போகும் வழியில் ஜமீலா அக்கா வீட்டில் காரை நிறுத்தினார் சரவணன். குழாய்கள் பதிந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு வேலை சொல்லியிருக்கிறாராம். "மெஷினுக்குப் பேரு எழுதியாச்சு மச்சான், பார்த்துட்டுப் போங்க."

எங்கள் ஊரில் ரிக் வாங்கினால் சாமி பெயர்தான் எழுதுவார்கள், மிஞ்சினால் பெண்டாட்டி பெயர். ஆகவே தண்ணீர்மலையானோ சுமதியோ இருக்கும் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன்.

மெஷினின் மஞ்சள் கையில், வாளிக்கு மேலே, சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'அஞ்சடி'.