நீல மூடியில் ஒரு மோதிரம்

கையுறை மாட்டும் முன் அக்கா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, சாம்பிள் பாட்டிலின் நீல மூடி ஒன்றில் வைப்பார். மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் லேப்பில், நாங்கள் அக்கா என்றழைக்கும் அவருக்குப் பக்கத்து மேசைக்காரியாக வருடக்கணக்கில் அதைப் பார்த்திருக்கிறேன். "சர்ச்சுல போட்டது. தொலைச்சா அவரு இன்னொண்ணு வாங்கித் தரமாட்டாரு லா" என்பார்.

எங்கள் வேலையில் இன்னொரு மோதிரம் உண்டு. இரைப்பைப் புற்றுநோயில் ஒரு வகையில், செல்லுக்குள் சளி நிறைந்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். நுண்ணோக்கியில் கல் வைத்த மோதிரம் போலவே தெரியும். அந்தச் செல்கள் தனித்தனியாகப் பிரிந்து சத்தமில்லாமல் பரவும். அறிக்கை எழுதுவது டாக்டர் என்றாலும், திசுவில் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அக்காதான். "மோதிரம்" என்று அவர் சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டோம். திசு வைத்த கண்ணாடித் தகட்டில் நோயாளியின் பெயர் இல்லாமல் எண் மட்டும்தான் இருக்கும் என்பதால் அந்தச் சொல்லைக் கூசாமல் புழங்கினோம்.

பெயர்களைப் பதிவது நான். ஒருநாள் செராஸ் கிளினிக்கிலிருந்து இரைப்பைத் திசுவோடு வந்த படிவத்தில் அக்காவின் கணவர் பெயர் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் எனக்கு எத்தனையோ முறை சோறு போட்டவர். பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன். "அவகிட்ட மூச்சு விடாதம்மா. வெறும் காஸ்ட்ரிக்தான். ரிசல்ட் வந்ததும் நானே சொல்றேன்" என்றார். ஆனாலும் சரியென்றேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா தகடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த எண் தட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய் அதை மட்டும் எடுத்திருக்கலாம். பயத்தில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டேன். அந்தத் தகட்டின் மேல் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தார்.

"மோதிரம் லா. முழுக்க முழுக்க. இது ரொம்ப நாள் விடாது. பாவம், எந்த வீட்டு மனுசனோ."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன்டி, தெரிஞ்சவங்களா?"

அவரே வந்து என் கணினித் திரையில் அந்த எண்ணைத் தேடினார்.

அவர் கணவர் இன்று இல்லை. அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். மோதிரத்தைக் கழற்றுவதில்லை, அதன் மேலேயே கையுறை மாட்டுகிறார். நீல மூடி வெறுமனே மேசையில் கிடக்கிறது. நான் ஏன் மறைத்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு தகட்டையும் நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன் என் பக்கம் திரும்பி, "பேரு என்ன?" என்று கேட்கிறார்.