குபானிச்சின் நாலு திடல்கள்

குபானிச் பதினோரு வருஷம் லாரி ஓட்டியவன். கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்கும், எல்லை தாண்டி ரஷ்யாவுக்கும் போய்வந்த அந்த வருஷங்களில், தன் இரண்டு பிள்ளைகளையும் அவன் பெரும்பாலும் தூங்குகிற கோலத்தில்தான் பார்த்திருந்தான். நள்ளிரவில் வருவான், போர்வையை விலக்கி முகத்தைப் பார்ப்பான், விடியுமுன் கிளம்பிவிடுவான்.

போன மார்ச்சில் மாவு மூட்டை இறக்கும்போது முதுகில் ஏதோ சடக்கென்றது. ஆறு மாசத்துக்கு லாரியில் ஏறக்கூடாது, ரொம்ப நேரம் ஓரிடத்தில் உட்காரக்கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி ஐஸதாவுக்குத் தையல் பட்டறையில் காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை வேலை. அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தங்கை, கல்யாணமாகித் தலாஸுக்குப் போய்விட்டாள். ஆக, ஐந்து வயது மேரிமும் மூன்றரை வயது அக்ஜோலும் குபானிச்சின் கைக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதல் நாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியபோது, முற்றத்துப் பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். நாலு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் முற்றம் அது. இரண்டு ஊஞ்சல், ஒரு மணல்தொட்டி, பழைய டயரை அறுத்து வெள்ளையடித்துச் செய்த அன்னங்கள். காலை நேரத்தில் அங்கே ஆம்பிளை நடமாட்டமே கிடையாது. பேச்சு சட்டென்று நின்றது.

"என்ன தம்பி, வீட்டுக்காரி துரத்திட்டாளா?" என்று கேட்டாள் ஒருத்தி. பெயர் துர்சுனாய். நாற்பது வயசு, இரட்டைப் பையன்களுக்குத் தாய். முற்றத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"முதுகு வலி, அக்கா" என்றான் குபானிச்.

"முதுகு வலின்னா படுக்கணும். பிள்ளை மேய்க்க வந்திருக்கே?"

பெஞ்சே சிரித்தது. குபானிச்சுக்குக் காது சிவந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கே நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்தச் சுற்று. முற்றத்தை விட்டு வெளியே வந்தால் சாலை, சாலையோரம் பனிமலைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அதைத் தாண்டினால் இரும்பு ராக்கெட் நிற்கிற திடல். ராக்கெட்டுக்குள் ஏணியேறி, பக்கவாட்டுச் சறுக்கில் இறங்கலாம். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடைராட்டினம் இருக்கிற திடல். கடைசியாக எல்ம் மரங்கள் நிழல் விரித்த சின்னப் பூங்கா. அங்கே பீப்பாய் வைத்து வாற்கோதுமைப் பானம் விற்கிற கிழவரிடம் ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. லாரிக்காரன் புத்தி, எதற்கும் ஒரு தடம் போட்டுக்கொள்ளாமல் இருக்காது. நாலு திடல், தினமும் அதே வரிசை. முதுகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவந்தது.

மேரிம் ஓயாமல் பேசுவாள். போகிற வழியில் நாய், பூனை, பால்கனியில் காயும் கம்பளம், எல்லாவற்றுக்கும் கதை வைத்திருப்பாள். அக்ஜோல் பேசமாட்டான். ஒரு சொல்கூட இல்லை. வேண்டியதைக் கையைக் காட்டுவான். அவன் எதைக் காட்டுகிறான் என்று மேரிம் மொழிபெயர்ப்பாள்.

"ஆம்பிளைப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். எங்க அண்ணன் நாலு வயசுல பேசுனான், இப்ப வாயை மூட மாட்டேங்கிறான்" என்று குபானிச் சொல்வான். ஐஸதாவும் அதையே நம்பினாள். அவளுக்கு நம்புவதற்குக்கூட நேரம் குறைவு.

குபானிச்சுக்கு உறுத்தியது வேறு விஷயம். பையன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். போகலாம் வாடா என்று பத்து தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒருநாள் பொறுமை போய் அவன் கையில் ஓர் அடி வைத்துவிட்டான். அக்ஜோல் அழவில்லை. எதற்கு அடி விழுந்தது என்று புரியாதவன்போல் அப்பன் முகத்தையே பார்த்தான்.

ஜூன் கடைசியில், பாப்லர் மரப் பஞ்சு காற்றில் பறந்து முற்றமெல்லாம் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், மேரிம் ஊஞ்சலிலிருந்து குப்புற விழுந்தாள். தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது. குபானிச் அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். கழுவி, கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்து, "ஒண்ணுமில்லடா என் குதிரைக்குட்டி, ஒண்ணுமில்ல" என்று தேற்றித் திரும்பினான். மணல்தொட்டியில் சிவப்பு வாளி கிடந்தது. அக்ஜோல் இல்லை.

"அக்ஜோல்!"

முற்றம் முழுக்கப் பார்வையை ஓட்டினான். எங்கும் இல்லை. அவன் குரல் மாறிப்போனதைக் கேட்டதுமே பெஞ்சிலிருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

"என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று துர்சுனாய் கேட்டாள்.

"மஞ்சள்... மஞ்சள் சட்டை."

"நீ வாசல் வாசலாப் பாரு. நீ கட்டடத்துப் பின்னால போ. யாராவது ஒருத்தி வாய்க்காலைப் பாருங்க!" அவள் ஒவ்வொருத்தியையும் ஒரு பக்கம் விரட்டினாள். மடியிலிருந்த விதைத் தோல் சிதற எல்லோரும் ஓடினார்கள்.

வாய்க்கால் என்ற சொல்லைக் கேட்டதும் குபானிச் சாலைப்பக்கம் திரும்பினான். முழங்கால் ஆழம்தான், ஆனால் இழுப்பு அதிகம். மேரிமை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினான். முதுகில் கத்தி செருகினாற்போல் வலித்தது. அவன் தோளில் முகம் வைத்திருந்த மேரிம் விசும்பலுக்கு நடுவே சொன்னாள்: "அப்பா, இங்க முடிஞ்சா அடுத்து ராக்கெட்தானே?"

அவர்களுக்கு முன்பே ராக்கெட்டை எட்டியிருந்தாள் துர்சுனாய். குபானிச் சாலையைத் தாண்டி ராக்கெட் திடலுக்குள் நுழைந்தபோது, அவள் செருப்பில்லாத ஒரு காலோடு ராக்கெட்டுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். மேலே கம்பிகளுக்கு நடுவில் மஞ்சள் சட்டை தெரிந்தது. அக்ஜோல் சாவகாசமாக உட்கார்ந்து மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவும் அக்காவும் ரத்தம் கழுவப் போன நேரத்தில், இங்கே முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்து, தினமும் போகிற தடத்தில் தானே நடந்து வந்துவிட்டான். வாய்க்கால் பாலத்தையும் சாலையையும் தனியாகத் தாண்டி.

குபானிச் அவனை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மற்ற பெண்கள் வந்து பார்த்து, கடவுளுக்கு நன்றி சொல்லிக் கலைந்தார்கள். துர்சுனாய் மட்டும் நின்றாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நான் இவன் முதுகுக்குப் பின்னால நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். நாலாவது மாடியில ஜன்னல் தொறந்து பாத்தாங்க. இவன் திரும்பல. கம்பியைப் பிடிச்சு ஆட்டினப்புறம்தான் பாத்தான்."

"அவன் அப்படித்தான். பிடிவாதக்காரன்."

"பிடிவாதம் இல்லப்பா. இவனுக்குக் காது கேக்கல. என் சித்தப்பா மகன் இப்படித்தான் இருந்தான்."

குபானிச்சுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாகத் திரண்டு வந்தது. "ஊர் வம்பு பேசற வாயால என் பிள்ளைக்கு நோவு வைக்காதே! உன் வேலையைப் பாத்துட்டுப் போ!"

துர்சுனாய் தொலைந்த செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் குபானிச் சமையலறை வாசலில் ஒரு பானை மூடியோடு நின்றான். அக்ஜோல் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். குபானிச் மூடியைக் கீழே போட்டான். அது கிண்ணென்று விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது. பக்கத்து அறையிலிருந்து மேரிம் பதறி ஓடிவந்தாள். கார் உருண்டுகொண்டே இருந்தது.

ஐஸதா வேலை முடிந்து வந்ததும் அவளிடம் எதுவும் சொல்லாமல் மறுபடி மூடியைப் போட்டுக் காட்டினான். அவள் கையிலிருந்த பையை வைக்கக்கூட மறந்து அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

"பெத்தவ நான். எனக்கு ஏன் தெரியல?"

"நான் அவனை அடிச்சேன் ஐஸதா. கூப்பிட்டா வரலேன்னு அடிச்சேன்."

மேஜையில் நூடுல்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர், காதில் கருவி மாட்டி இரண்டு நாள் சோதித்தாள். கொஞ்சம் கேட்கிறது, ரொம்பக் குறைவு. காது மெஷின் வைத்தால் பேச்சு வரும், தாமதித்தால் கஷ்டம் என்றாள். நாரினில் இருக்கும் குபானிச்சின் அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், வேறொன்றும் பேசாமல் ஒரு பெட்டைக் குதிரையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அதை விற்ற காசில் இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது.

அதற்கு முன்பே ஒருநாள் குபானிச் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான சம்சா ஒரு பொட்டலம் வாங்கிவந்து பெஞ்சில் துர்சுனாய் பக்கத்தில் வைத்தான்.

"எத்தனை?" என்றாள் அவள்.

"பத்து."

"நீ பேசுன பேச்சுக்கு இருபதாவது வாங்கியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மெஷின் மாட்டியதும் பிள்ளை சிரிப்பான், அம்மா அப்பா என்பான் என்றெல்லாம் குபானிச் கற்பனை செய்து வைத்திருந்தான். நடந்தது வேறு. முற்றத்துக்கு வந்த முதல் நாள், ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டதும் அக்ஜோல் வீறிட்டான். நாய் குரைத்தது, எங்கோ கார் ஹாரன் அடித்தது, துர்சுனாயின் இரட்டையர் கத்தினார்கள். இவ்வளவு நாளும் அவனுக்கு அமைதியாக இருந்த உலகம் ஒரேயடியாக அவன்மேல் பாய்ந்தது. இரண்டு காதிலிருந்தும் மெஷினைப் பிடுங்கி எறிந்தான். அவை மணல்தொட்டியில் போய் விழுந்தன. அந்த நேரம் பார்த்து நாலைந்து பிள்ளைகள் உள்ளே குதித்து மணலைக் கிளறிவிட்டார்கள்.

"யாரும் அசையாதீங்க!" என்று துர்சுனாய் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் சிலையாக நின்றார்கள்.

பிறகு பார்க்கவேண்டுமே அந்தக் காட்சியை. பெஞ்சுப் பெண்கள் அத்தனை பேரும் பாவாடையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் மண்டியிட்டு, பிள்ளைகளின் பிளாஸ்டிக் சல்லடையால் மணலைச் சலித்தார்கள். ஒருத்திக்குப் போன வருஷம் தொலைந்த தோடு கிடைத்தது. இன்னொருத்திக்கு ஒரு பூனைச் சமாசாரம் கிடைத்து, அவள் திட்டிய திட்டில் மூன்றாம் மாடி வரை சிரிப்பு கேட்டது. ஒரு மெஷினைக் கால் மணி நேரத்தில் ஐஸதாவின் தோழி ஒருத்தி எடுத்தாள். இன்னொன்றுக்கு மத்தியானம் வரை ஆயிற்று. இரட்டையரில் இளையவன் அதைத் தன் வாளியில் போட்டு, மண் கேக் செய்து மூடி வைத்திருந்தான்.

"எங்க பரம்பரையே திருட்டுப் பரம்பரை, மன்னிச்சுக்க தம்பி" என்று துர்சுனாய் மெஷினை ஊதித் துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து குபானிச் காலை ஆறரைக்கே பையனைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். முற்றம் வெறிச்சென்று இருக்கும். முதலில் ஐந்து நிமிஷம் மெஷின், பிறகு கழற்றிவிடுவது. அடுத்த வாரம் பத்து நிமிஷம். லாரிக்கு வைத்திருந்த கிரீஸை எடுத்துவந்து ஊஞ்சலின் நாலு சங்கிலிக்கும் பூசினான். ராக்கெட்டின் ஆடும் கம்பிக்கும், குடைராட்டினத்தின் அச்சுக்கும்கூட. குருவிச் சத்தத்தைக் கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். சருகை மிதிக்கச் சொல்லி, அந்த நொறுங்கலைக் கேட்கவைத்தான். சருகுச் சத்தம் அக்ஜோலுக்குப் பிடித்துப்போனது. எல்ம் மரப் பூங்காவில் அரை மணி நேரம் மிதித்துக்கொண்டே இருப்பான்.

"முந்தியெல்லாம் ஊஞ்சல் சத்தத்தை வெச்சு எம் பசங்க இருக்காங்களா இல்லையான்னு ஜன்னல்லயே தெரிஞ்சுக்குவேன். கிரீஸைப் பூசி அதையும் கெடுத்துட்டான்" என்று துர்சுனாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

செப்டம்பரில் லாரி முதலாளி போன் செய்தார். முதுகு சரியாகியிருந்தால் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் தடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று. குபானிச் இரண்டு நாள் யோசித்தான். பழைய தடத்தில் போனால் நல்ல வருமானம் வரும், ஆனால் பையனுக்குப் பேச்சுப் பயிற்சி நின்றுபோகும். கடைசியில் நகரத்துக்குள்ளேயே ரொட்டி வண்டி ஓட்டும் வேலையைப் பிடித்தான். விடியலில் கிளம்பினால் ஒன்பது மணிக்குத் திரும்பிவிடலாம். அதுவரை பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். சம்பளம் குறைவுதான். ஐஸதா முதலில் முகம் சுளித்தாள், அப்புறம் ஒத்துக்கொண்டாள்.

அக்ஜோலுக்குப் பேச்சு வந்தது ஒருநாளில் அல்ல. முதலில் வந்த சொல் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. "கொடு" என்பதுதான். வாளியைப் பிடுங்கிய இரட்டையரைப் பார்த்துச் சொன்னான். இரட்டையர் திகைத்துப்போய் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பூனை, தண்ணீர், வேண்டாம். "வேண்டாம்" கற்றுக்கொண்டபின் குபானிச் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அக்டோபரில் ஒருநாள் தையல் பட்டறையில் மின்சாரம் இல்லாமல் ஐஸதாவுக்கு விடுப்பு கிடைத்தது. இத்தனை மாசத்தில் அவள் ஒரு திடலுக்கும் வந்ததில்லை. பிள்ளைகள் அவளை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஊஞ்சலில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். ராக்கெட்டில் ஏறச் சொன்னார்கள், பாதி ஏணியில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். குடைராட்டினத்தில் தலை சுற்றியது. எல்ம் மரங்களுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு நடக்கத் தெம்பில்லை.

"ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கறேன்" என்று பெஞ்சில் சாய்ந்தாள்.

வெயில் முகத்தில் விழுந்தது. ஊசி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனாள். குபானிச் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினான். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த, அந்தப் பக்கத்துக்குப் புதியவளான ஒரு பெண் பெஞ்சில் இடம் தேடி நின்று, யாரோ உடம்புக்கு முடியாதவள் என்று நினைத்துக்கொண்டு, "யாருண்ணே இது? எழுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரிம்மா" என்றான் குபானிச். "எழுப்பாதே. இன்னிக்குத்தான் தூங்கறா."

கொஞ்ச தூரத்தில் மேரிமும் அக்ஜோலும் சருகைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களோடு சேர்ந்து குவிக்கப் போனான்.