நான் போட்ட தேதி

யாராவது என் கையெழுத்தைப் புகழ்ந்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்பா வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிவிடவே, அவர் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரத் தொடங்கினார். அம்மா நான் படித்த தனியார் பள்ளியிலேயே டீச்சராகச் சேர்ந்தாள். சேரும்போதே தேதி போடாத ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். பள்ளியில் வாயே திறக்காத அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் பங்காருபேட்டையில் கூடும் ஆசிரியர் சங்கத்தில் மட்டும் வேறு ஆளாக இருப்பாள். பின்னக் கணக்கை எப்படி நடத்துவது என்று சாத்துக்குடியை அறுத்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அறுத்த துண்டுகள் என் வாய்க்குள் போகும். அம்மா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அங்கேதான்.

அந்த வருடம் பிள்ளைத்தாய்ச்சி டீச்சர் ஒருவரைப் பள்ளி நிர்வாகம் வேலையிலிருந்து நிற்கச் சொன்னது. அவருக்கு விடுப்பு கேட்டுச் சங்கம் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அம்மாவுடையது.

மறுநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்குக் கை நடுங்கும். சான்றிதழ்களில் பெயரும் தேதியும் எழுத, நான்காம் வகுப்பில் இருந்த என்னைத்தான் அழைப்பார். அன்று அவர் நீட்டிய ஆங்கிலக் கடிதத்தில் எனக்குப் புரிந்தது கீழே இருந்த அம்மாவின் கையெழுத்து மட்டும்தான். அம்மாவுக்கு ஏதோ பரிசு என்று நினைத்து, தேதியை முத்து முத்தாக எழுதினேன். சாக்லேட் கொடுத்தார். அம்மாவின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள்.

சங்கம் விடவில்லை. கோலாரில் கல்வி அதிகாரி முன்னால் விசாரணை என்றானது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நானும் போனேன். சங்கத் தலைவி பஸ்ஸில் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னார்.

"தேதி நான் போடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர், போதும். அப்புறம் அவுங்க இன்னா பண்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

அதிகாரி கடிதத்தை நீட்டினார். தேதி போட்ட கடிதத்தை அம்மா அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் பிடித்துப் பழக்கிய கை அல்லவா. இந்தத் தேதி யார் எழுத்து என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

"என்னுதுதான் சார்" என்றாள் அம்மா.

வழக்கு அத்தோடு முடிந்தது. வெளியே வந்ததும் தலைவி கத்தினார். "இன்னா டீச்சர் இது? வெல போயிட்டீங்களா?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அதன் பிறகு அவள் சங்கத்துக்குப் போகவும் இல்லை, அங்கிருந்து யாரும் வரவும் இல்லை.

திரும்பும்போது எனக்கும் அவள்மேல் கோபம். அவ்வளவு அழகாக நான் எழுதியதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாளே என்று, வீடு வந்து சேரும் வரை அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.