என் கட்டுரைக்கு ஆள் தேடிய ஆய்விதழ்

நான் படிக்கத் தொடங்கிய காலத்தில் உயிர்த்தொழில்நுட்பத்துக்கென்று இருந்த ஆய்விதழ்களை நூலகத்தின் ஒரு தட்டில் அடுக்கிவிடலாம். பிறகு என்ன பேய் பிடித்ததோ, அவை குட்டி போடத் தொடங்கின. நொதித்தலுக்கென்று தனி இதழ் வந்தது. அதிலிருந்து தானிய நொதித்தல் பிரிந்து போனது. பருப்பு வகை கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனது. பிள்ளைகளுக்குக் காணி பிரிப்பது போலப் பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒரு கதிரை போட்டு உட்கார மட்டும் இடம் மிஞ்சும் நிலை. காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் யாரோ ஒருவர் "மாண்புமிகு பேராசிரியரே" என்று கும்பிட்டு, இறாலின் மரபணு பற்றி எழுதச் சொல்லி அழைப்பார். நான் பேராசிரியர் இல்லை. இறாலைப் பொறுத்தவரை என் ஆராய்ச்சி குழம்போடு முடிகிறது.

இப்படிக் கேலி செய்துகொண்டு திரிந்த எனக்கே ஒரு நாள் அந்தக் கதிரை தேவைப்பட்டது. அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. பெரிய ஆய்விதழ்கள் எல்லாம் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. விடயம் மிகக் குறுகியதாம். அந்த நேரம் பார்த்து, குளிர்ப் பிரதேசங்களில் தானியமும் பருப்பும் சேர்ந்து நொதிப்பதற்கென்றே ஒரு புதிய ஆய்விதழ் பிறந்தது. அதற்கு மட்டும்! நான் குசினியில் கரண்டியோடு நின்று ஒரு ஆட்டம் ஆடினேன்.

"என்ன, லொத்தர் விழுந்திட்டுதோ?" என்றார் கணவர்.

"அதைவிடப் பெரிசு. என்ரை மாவுக்கெண்டே ஒரு ஆய்விதழ்!"

"உதை ஆர் வாசிக்கப் போயினம்?"

"வாசிக்கிறதை விடுங்கோ. அவை போட்டால்தான் எனக்கு வேலை."

அது உண்மை. பல்கலைக்கழகத்தில் என் ஒப்பந்தம் இளவேனிலோடு முடிகிறது. இதே துறையில், நாங்கள் இருக்கும் மொன்றியலில் ஒரேயொரு நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். தை மாதக் கடைசிக்குள் கட்டுரை ஏற்கப்படாவிட்டால் என்னை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். கட்டுரையை அனுப்பிவிட்டு நகம் கடிக்கத் தொடங்கினேன்.

இப்படியான கட்டுரைகளை, எழுதியவர் யாரென்று சொல்லாமல், அதே துறையில் இருக்கும் இருவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். பார்ப்பவர் யாரென்று நமக்கும் தெரியாது. எழுதியவர் யாரென்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால் அவர் விலக வேண்டும்.

கார்த்திகை மாதம். எங்கள் புறநகர் ரொக்ஸ்பரோவிலிருந்து நகரத்துக்குப் போகும் காலை ரயிலில் சென்னைப் பெடியன் ஒருவர் பக்கத்தில் இருந்தார். நான் கணவருடன் போனில் தமிழில் கதைப்பதைக் கேட்டு, பேச்சுக் கொடுத்தார். புதிதாக வந்தவராம். நகரத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிறாராம். 'அட, நம்மட ஆள்' என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் முந்திவிட்டார்.

"மேடம், ஒரு ஜர்னல்ல என்னை ரிவ்யூ பண்ணக் கூப்பிட்டிருக்காங்க! முதல் தடவை! வெளிய சொல்லக்கூடாதுதான், ஆனா மனசு தாங்கல. எழுதினவருக்கு மூளை கழண்டிருச்சு போல. இட்லி மாவை ஓவனுக்குள்ள வெச்சிட்டு, ஓவனைப் போடாம லைட்டை மட்டும் போட்டு விட்டாங்களாம். இதையெல்லாம் ஒரு மெத்தட்னு எழுதறாங்க மேடம்!"

அது என் கட்டுரை! இந்த ஊரில் மாரி காலக் குளிரில் மாவு பொங்காது. அதனால் சட்டியை ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டு விடுவோம். அந்தச் சின்ன பல்பின் சூடு போதும், விடியப் பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டிலும் இதுதான் நடைமுறை. அதனால் உலகம் முழுக்கத் தெரியும் என்று நினைத்து, ஒரு விளக்கமும் இல்லாமல் 'வழமைபோல ஓவன் விளக்கில்' என்று எழுதியிருந்தேன். விசரி நான்!

"நீங்க எங்க மேடம் வேலை பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரியிலை. ரத்தம் செக் பண்ணுறனான்."

எப்படி வந்ததோ அந்தப் பொய். ஆனால் நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் அவர் விலகுவார், ஆய்விதழ் வேறு ஆள் தேடும், தை முடிந்துவிடும். சொல்லாவிட்டால் இவர் கட்டுரையைக் கொன்றுவிடுவார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், இரண்டையும் அடக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தேன்.

மார்கழி வந்தது. பனி கொட்டியது. அவருடைய முகம் வாடிப்போயிருந்தது.

"மாவு பொங்கவே மாட்டேங்குது மேடம். அப்படியே சிமெண்ட் மாதிரி கெடக்கு. நீங்கள்லாம் என்ன பண்றீங்க?"

பதில் நாக்கு நுனியில் நின்று துடித்தது. விழுங்கினேன்.

"நாங்கள் பாண்தான், பிரெட்தான் சாப்பிடுறது, தம்பி."

அந்தப் பொய்க்கு ஆயுள் இல்லை. தை மாதத்தில் ஒரு காலை என்னை ஸ்டேசனில் இறக்கிவிட வந்த கணவர் இவரைக் கண்டார். தமிழ்ப் பெடியன் தனிய இருக்கிறான் என்றால் அவருக்குப் பொறுக்காது.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும். தோசை சாப்பிடலாம்."

"தோசையா? மேடம் வீட்ல பாண்தான்னு..."

"ஆர் சொன்னது? கிழமைக்குக் கிழமை தோசைதான்!"

நான் ரயிலைப் பிடிக்க ஓடினேன். ரயில் இன்னும் வந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை அவர் வருமுன்பே மாவுச் சட்டியை வெளியே எடுத்து, ஓவன் கதவைச் சாத்தி, அதில் ஒரு துவாயையும் தொங்கவிட்டேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஆனால் நாளைக்கும் தேவை என்று கணவர் இன்னொரு சட்டி கரைத்து வைத்திருந்ததோ, நான் சேலை மாற்றப் போன நேரத்தில் துவாயை எடுத்துவிட்டு அதை உள்ளே வைத்து லைற்றைப் போட்டதோ எனக்குத் தெரியாது. பெடியன் இனிப்புப் பெட்டியோடு நேரே குசினிக்குள் வந்தார். மஞ்சள் வெளிச்சத்தைக் கண்டார். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி?" என்றார்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் கணவர். "இவ மாவுக்கை இருக்கிற கிருமியளை எல்லோ ஆராயிறா!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெடியன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், சப்பாத்துக்கூடப் போடாமல். பனியில் காலுறையோடு நின்று எதையோ எழுதுவதை யன்னலால் பார்த்தோம். "பெடிக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கணவர் பயந்தார். கொஞ்ச நேரத்தில் பெடியன் குளிரில் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"முந்தாநாள்தான் ரிஜெக்ட்னு எழுதி அனுப்பினேன் மேடம். எனக்கு இந்த ஊர் குளிர் தெரியாம எழுதிட்டேன், அதைத் தூக்கிப் போடுங்க, எழுதினவங்க எனக்குத் தெரிஞ்சவங்க, நான் விலகிக்கிறேன்னு இப்ப மெயில் போட்டுட்டேன்."

"அட கடவுளே! நீங்கள் விலகினால் இதைப் பார்க்க உலகத்திலை வேற ஆரப்பா இருக்கினம்?" என்று கத்தினேன். கோபத்தில்தான் தொடங்கினேன், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஒன்றும் விளங்காத கணவர் எங்கள் இருவரையும் விட அதிகமாகச் சிரித்தார். தாளிதம் போட்ட எங்கள் தோசையைப் பெடியன் அன்றுதான் முதன்முதலாகக் கண்டாராம். சட்டி காலியாகும்வரை எழும்பவில்லை. போகும்போது மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன்.

மறுநாள் ரயிலில் அந்த ஆய்விதழிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. அவசரமாக ஒரு கட்டுரையைப் பார்த்துத் தரவேண்டுமாம். இந்தத் துறையில் என்னைவிடப் பொருத்தமானவர் எவரும் இல்லையாம். திறந்தால், என் கட்டுரை! ஆள் பிடிக்கும் அவர்களுடைய கணினி உலகம் முழுக்கத் தேடி, மிச்சம் நான்தான். போனைப் பக்கத்தில் இருந்த பெடியனிடம் நீட்டினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த பிரெஞ்சுக்காரப் பெண் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

எழுதியவளே நான்தான் என்று பதில் போட்டேன். இதழின் ஆசிரியர் நல்ல மனுசி. கட்டுரையைப் பார்த்த இருவரில் மற்றவர் ஏற்கெனவே நல்லதாக எழுதியிருந்ததால் தானே இருந்து வாசித்திருக்கிறார். குளிரில்லாத ஊர்க்காரருக்காக அந்த லைற்றைப் பற்றி இரண்டு வரி சேர்க்கச் சொல்லி, தை முடியுமுன் கட்டுரையை ஏற்றுக்கொண்டார். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. நான் வானத்தில் மிதந்தேன்.

நேர்முகத்தன்று அறைக்கு வெளியே நடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். கதவு திறந்தது. உள்ளே இருந்து கோட்டும் டையுமாக வெளியே வந்தவர் அவர்.

"நீங்களுமா?"

"ஆமாக்கா. நம்ம ஃபீல்டுல இருக்கறதே இந்த ஒரு வேலைதானே."

"அப்ப அண்டைக்கு, எங்கட வீட்டிலை... நானும் இந்த வேலைக்குப் போட்டிருப்பன் எண்டு தெரியுமோ?"

"ஓவனைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "அதான் வெளிய போய் உடனே அனுப்பினேன். உள்ள உக்காந்து யோசிச்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்க்கா."

அவருக்கு ஆஸ்பத்திரிக் கதையும் பாண் கதையும் சொன்னவள் நான். வெட்கத்தில் சுருங்கிப் போனேன். உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவர் என் குளிர்க்கோட்டை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டார்.

"போங்கக்கா. நான் இங்கயே இருக்கேன்."

வெளியே வந்தபோது அதே இடத்தில்தான் இருந்தார். வேலை எனக்குத்தான் கிடைத்தது. செய்தி வந்ததும் கணவருக்குச் சொல்லுமுன் அவருக்குத்தான் சொன்னேன். ஓடுகிற ரயிலில் எழும்பி நின்று அவர் கைதட்டினார். நான்தான் அழுதேன்.