முடிவுக்கோட்டைத் தாண்டி ஓடியவர்

அடையாறு பாலம் இறங்கும் இடத்தில், ஓட்டக்காரர்களுக்காகப் போட்டிருந்த தண்ணீர் மேசை முன்னால் என் மாமனார் கையில் காகிதக் கோப்பையோடு நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. விடிந்தும் விடியாத நேரம். எங்களைச் சுற்றிக் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுச்சாலையில் தடுப்பு வைத்து, அம்புக்குறி மாட்டி, தொண்டர் ஒருவர் ஓயாமல் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். யாரும் வழி தவறக்கூடிய இடமே இல்லை. மாமா தண்ணீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மணி என்ன என்று கேட்பதுபோல, "எந்தப் பக்கம்மா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். சாந்தோமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அந்தப் பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்து அடையாற்றுப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போய்வந்த மனிதர் அவர். "இடது பக்கம் மாமா, தெரியாத மாதிரி கேக்கறீங்களே" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் காட்டிய திசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஓடத் தொடங்கினார். அன்று மிச்ச தூரம் முழுக்க எனக்கு ஓர் அடி பின்னாலேயே வந்தார். அதற்கு முன் அவர் எனக்குப் பின்னால் ஓடியதே கிடையாது.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஓட ஆரம்பித்ததே ஒரு தற்செயல். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு உடம்பு ஏறிவிட்டது, சர்க்கரையும் எல்லையில் நின்றது. காலையில் ஓடப்போகிறேன் என்றபோது அத்தை முகம் சுளித்தார். இருட்டில் ஒரு பெண் தனியாகத் தெருவில் ஓடுவது அவருக்கு ஒப்பவில்லை. என் கணவருக்கு விடிகாலை என்பது உறக்கத்தின் ஆழமான பகுதி. பணி ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நான் துணைக்குப் போறேன், சைக்கிள் சும்மாதான கெடக்கு" என்றார். அப்படித்தான் முதல் இரண்டு மாதம் நான் கடற்கரைச் சாலையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட, அவர் மெதுவாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஒருநாள் பட்டினப்பாக்கத்தில் சைக்கிள் பஞ்சர். அதை ஒரு டீக்கடை ஓரமாகச் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். வீடு வந்து சேர்ந்ததும் அவர் முகத்தில் இருந்த வெட்கம் கலந்த சந்தோஷத்தை, பேரன் பிறந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

ஒரு வருடத்துக்குள் அவர் என்னைவிட நன்றாக ஓடினார். ஒல்லியான உடம்பு, நீளமான கால். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் திறப்பதற்கு முன் தி. நகர் வரை போய், பனகல் பூங்காவைச் சுற்றி, நந்தனம் வழியாகத் திரும்புவோம். கபாலீஸ்வரர் கோயில் குளத்தைத் தாண்டும்போது பூக்காரர்கள் அப்போதுதான் கூடையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் சாந்தோம் தேவாலயத்தில் காலைப் பூசைக்கு மணி அடிப்பதற்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்பது அத்தையின் ஒரே நிபந்தனை. வீட்டுக்குள் மாமனாரும் மருமகளும் அதிகம் பேசிக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. சாப்பாடு ஆயிற்றா, மருந்து போட்டீர்களா, அவ்வளவுதான். சாலையில் தோளோடு தோளாக ஓடும்போது முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாததாலோ என்னவோ, பேச்சு தானாக வந்தது. சின்ன வயதில் இறந்துபோன தம்பியைப் பற்றி, ஒரு மாணவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, பிற்பாடு தேடிப்போய்த் தான் மன்னிப்புக் கேட்டதைப் பற்றி, அத்தையைப் பெண் பார்க்கப் போனபோது காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டதைப் பற்றி எல்லாம் அவர் எனக்குச் சொன்னது அந்தச் சாலைகளில்தான். என் அப்பாவை நான் அவ்வளவு அறிந்ததில்லை.

அவருக்குக் கைக்கடிகாரம் போதும். வேகம் காட்டும் கருவிகளைப் பார்த்தால் சிரிப்பார். எத்தனை தூரம் வந்தோம், எவ்வளவு நேரம் ஆயிற்று, இதே வேகத்தில் போனால் எப்போது முடிப்போம் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அந்தக் கணக்குத்தான் ஊன்றுகோல். பாலத்தடியில் வழி கேட்ட அந்த ஓட்டத்துக்குப் பிறகு, ஒரு நாள் காந்தி சிலை அருகே, "எவ்வளவு நேரத்துல முடிப்போம் மாமா?" என்று கேட்டேன். "இரு, இரு" என்றார். கலங்கரை விளக்கம் தாண்டியது. "இரும்மா, வருது" என்றார். வீட்டு வாசல் வரை அந்தக் கணக்கு வரவில்லை. கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "வகுத்தலே மறந்துபோச்சும்மா. உங்க அத்தைகிட்ட சொல்லாத" என்றார். நான் அன்றே சொன்னேன். சொன்னதும் அத்தை மாவு கரைத்துக்கொண்டிருந்த கையை எடுக்காமல், "எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா பக்கத்து வீட்டுக்காரர் பேரு அவருக்கு வரல" என்றார். ஆளுக்கு ஒன்றாக மறைத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூளையின் படத்தைப் பார்த்த மருத்துவர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. இது மறதி நோய், போனது திரும்பாது, மெதுவாகக் கூடும் என்றார். ஓடலாமா என்று கேட்டேன். "தாராளமா ஓடட்டும். பழகின வேலைய நிறுத்தாதீங்க. தனியா மட்டும் விடாதீங்க" என்றார். வீட்டில் அதுதான் சண்டையாயிற்று. என் கணவர், "போதும், இனிமே ஓட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார். மகனுக்கு அப்பா தெருவில் திகைத்து நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அத்தைதான் குறுக்கே வந்தார். எந்த அத்தை முதலில் முகம் சுளித்தாரோ அவரேதான். "ஓடிட்டு வந்த அரை மணி நேரம் அவர் பழைய ஆளா இருக்கார்டா. என்னப் பேர் சொல்லிக் கூப்பிடுறார். அதை எங்கிட்டருந்து புடுங்காத" என்றார். 

அந்த வருடத்தின் அரை மாரத்தானுக்கு நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். கடற்கரைச் சாலையில் தொடங்கி, பாலம் ஏறி, அடையாறு சுற்றி, பெசன்ட் நகர் கடற்கரை அருகே முடியும் பாதை. அவர் சட்டைக்குள் என் கைபேசி எண் எழுதிய அட்டையைப் பின் குத்தி வைத்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி. பாதையெல்லாம் அவர் அருமையாக ஓடினார். ஒரு தரம்கூட வழி கேட்கவில்லை. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் திருப்பத்தில் பாண்டு வாத்தியம் கேட்டபோது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். இருவரும் ஒன்றாகவே முடிவுக்கோட்டைத் தாண்டினோம். ஒரு பெண் என் முன்னால் வந்து கழுத்தில் பதக்கத்தை மாட்டினாள். குனிந்த தலையை நான் நிமிர்த்துவதற்குள் மாமா பக்கத்தில் இல்லை.

அவர் நிற்கவில்லை. அதுதான் நடந்தது. கோடு வந்தால் நிற்கவேண்டும் என்பது அவருக்குள் அழிந்துபோயிருந்தது. பதக்க மேசை, வாழைப்பழம் கொடுக்கிற வரிசை, படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் எல்லாவற்றையும் ஊடுருவி, வாசலைத் தாண்டி அவர் அதே வேகத்தில் போயிருக்கிறார். பார்த்தவர்களில் ஒருவர், "நல்லா ஓடுறார் பெரியவர்னு கைதட்டினோம்மா" என்றார். ஒலிபெருக்கியில் அவர் பெயரையும் மார்பு எண்ணையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என் கணவர் பைக்கில் வந்து சேர்ந்தார். கழுத்தில் இருந்த பதக்கத்தைப் பார்த்த பார்வையிலேயே நான் அதைக் கழற்றிவிட்டேன். திருவான்மியூர் பக்கம் அவர் போக, நான் மாதா கோயில் பக்கம் தேடினேன். போலீஸ் வண்டி ஒன்று கிண்டி வரை பார்த்துவிட்டு வந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. வியர்வை வற்றி என் கைகளில் உப்பாகப் படிந்திருந்தது. அந்த வெயிலில் அவரும் எங்கோ ஓடிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பில் ஒரு வாய் தண்ணீர்கூட எனக்கு இறங்கவில்லை.

உச்சி வெயிலில் கைபேசி அடித்தது. தெரியாத எண். "இன்னாம்மா, உங்க வூட்டுப் பெர்சு இங்க கீறாரு. சட்டைல சொருகி வச்சிக்கீறியே, அதப் பாத்துத்தான் அடிச்சேன். ஊரூர் குப்பத்தாண்ட வா" என்றது ஒரு பெண் குரல். மீன் விற்கிற அம்மா. அவர் கடைக் குடையின் நிழலில், கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி இன்னொரு கையால் மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "காலைலேர்ந்து ஓடிக்கினே கீறாருமா. உடஞ்ச பாலத்தாண்ட போறாரு, நிக்கிறாரு, திரும்பி வராரு. மறுபடியும் போறாரு. எத்தினி வாட்டி! நில்லு நைனான்னா நிக்கல. அப்பால நான்தான் எழுந்து போய்க் கையப் புடிச்சேன். வுட்டா இன்னும் ஓடுவாரு" என்றார்.

அந்த உடைந்த பாலம் அடையாறு கடலில் சேரும் முகத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பத்தையும் எதிர்க்கரையையும் இணைத்திருந்தது. என் கணவர் பிறப்பதற்கு முன்பே வெள்ளத்தில் அதன் நடுப்பகுதி போய்விட்டது. முனையில் நின்று பார்த்தால் எதிரே எங்கள் சாந்தோம் பக்கத்துக் கட்டடங்கள் தெரியும். நான் முன்னால் மண்டியிட்டு அவர் கன்னத்தைத் தொட்டேன். தோல் அடுப்புபோலச் சுட்டது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. "வீடு தோ தெரியுது பாரும்மா" என்றார், ஆற்றுப்பக்கம் கையைக் காட்டி. "பாலத்த யாரோ எடுத்துட்டாங்க. எப்படிப் போறதுன்னு தெரியல." சொல்லிவிட்டு எழுந்து மறுபடியும் ஓடப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. நானும் அந்த அம்மாவுமாகத் தாங்கிப் பிடித்தோம். காலணியைக் கழற்றியபோது காலுறையோடு நகமும் ஒட்டிக்கொண்டு வந்தது.

மருத்துவமனையில் இரண்டு வாரம். நீர் வற்றிக் கெடவிருந்த சிறுநீரகம் எப்படியோ பிழைத்தது. அவரிடம் மிச்சம் இருந்த நினைவில் பாதி பிழைக்கவில்லை. வீடு திரும்பிய அன்றே என் கணவர் வாசல் இரும்புக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். இந்த முறை அத்தை தடுக்கவில்லை. சாவியை ஜெபமாலையோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். மற்ற வீடுகளில் இந்த நோய் வந்தவர்கள் சோர்ந்து கிடப்பார்களாம். எங்கள் வீட்டில் நெடுந்தூரம் ஓடிப் பழகிய கால்கள் இருந்தன. விடிகாலையில் எழுந்து கம்பியைப் பிடித்து உலுக்குவார். கூடத்துக்கும் பால்கனிக்கும் இடையில் நடப்பார். நடை வேகமாகும், ஓட்டமாகும், சுவரில் இரு கையையும் வைத்துத் தள்ளித் திரும்புவார். கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் புகார் சொன்னார்கள். விஷயம் தெரிந்த பிறகு சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

நான் ஓடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எனக்கும் மூச்சு நின்றுவிடும் என்று தோன்றியது. ஆனால் நான் காலணி போடுவதைப் பார்த்துவிட்டால் அவர் ஓடிவந்து கதவருகே தயாராக நின்றுவிடுவார், முகமெல்லாம் சிரிப்பாக. ஒரு தரம் அந்த முகத்தின் முன்னால் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு இறங்கினேன். அதன் பிறகு காலணியைக் காய்கறிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, புடவையில் கோயிலுக்குப் போகிறவள்போல் இறங்கி, தெருமுனையில் இருக்கிற தோழி வீட்டில் உடை மாற்றிக்கொண்டு ஓடினேன். அவரும் நானும் சேர்ந்து ஓடிய சாலைகளை விட்டுவிட்டு ராயப்பேட்டைப் பக்கமாகப் போய்வந்தேன்.

பிறகு ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் எழவே இல்லை. வாத்தியார்ப் பேச்சு, மனக்கணக்கு, எங்கள் பெயர்கள் எல்லாம் போனபின், கடைசியாக அந்தக் கெண்டைக்கால் சதையும் கரைந்துபோனது. எண்ணெய் தேய்த்துவிடும்போது எலும்புதான் கையில் பட்டது. இறந்தது ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை. இப்போது எந்தச் சாலையிலும் ஓடுகிறேன், வாசலிலேயே உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொள்கிறேன், பூட்டு திறந்தே கிடக்கிறது. போன மாதம்கூட ஒரு ஓட்டத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டியதும், பதக்கத்துக்காகத் தலை குனியாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். இனி எப்போதும் அப்படித்தான்.

அடக்கத்தன்று காலையில் கோயில் ஆட்களும் என் கணவருமாக அவருக்குக் கோட்டு சூட்டு போட்டார்கள். கறுப்புத் தோல் காலணி வீங்கிய பாதத்தில் ஏறவில்லை. என் கணவர் வெளியே வந்து, "அப்பாவோட அந்த ஓடுற ஷூ இருக்கா? அது கொஞ்சம் பெருசு, அதையாவது போட்டுடலாம்" என்றார். அந்தக் காலணிகளைப் பற்றி அவர் கோபமில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பரணில் இருந்து எடுத்து, தூசி துடைத்துக் கொண்டுவந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அதைப் பார்த்ததும் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேணாம்மா" என்றார். "அதப் போட்டு அனுப்பினா மனுஷன் அங்கயும் நிக்க மாட்டார். வழி தெரியாம எங்கயாவது போயிடுவார். அங்க யார் போய்த் தேடுறது?"

வெள்ளைக் காலுறை மட்டும் போட்டு மாமாவைப் பெட்டிக்குள் வைத்தோம்.